கையைக் கொடுங்கள், பெயரைக் கேட்காதீர்கள்: நர்சிங் படிக்கும் பிள்ளையின் பெற்றோருக்கு

என் மகள் பி.எஸ்சி. நர்சிங்கில் சேர்ந்தபோது, அதையும் மற்றப் பட்டப்படிப்புகளில் ஒன்றாகத்தான் எடுத்துக்கொண்டேன். வகுப்புக்குப் போவாள், படிப்பாள், பரீட்சை எழுதுவாள். முதல் வருடம் முடிவதற்குள் எண்ணம் மாறிவிட்டது. விடிகாலையில் யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறவள், படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவரைத் துடைத்துச் சுத்தம் செய்கிறாள். பக்கத்துப் படுக்கையில் ஒருவர் வலி தாங்காமல் கத்துவதைக் கேட்டுக்கொண்டே நாடித்துடிப்பு எண்ணுகிறாள். பிற்பகலில் வந்து இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு உடலியல் புத்தகத்தைத் திறக்கிறாள். பதினெட்டு வயதில் இவ்வளவையும் சுமக்கிற பிள்ளைக்கு வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். இப்போதுதான் பிள்ளையைச் சேர்த்துவிட்டு வந்திருக்கும் பெற்றோருக்காக, அதை வரிசைப்படி எழுதுகிறேன்.

சேர்ப்பதற்கு முன்

கட்டிடத்தையும் கட்டணத்தையும் பார்ப்பதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். இந்தப் பட்டத்தை முடித்தால் பதிவு பெற்ற செவிலியராக முடியுமா? நர்சிங்கில் பட்டம் மட்டும் போதாது. நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் வேலை செய்யலாம். கவுன்சிலின் அங்கீகாரம் இல்லாத கல்லூரியில் நான்கு வருடம் படித்தாலும் அந்தப் பதிவு கிடைக்காது. கல்லூரி கொடுக்கும் கையேட்டை நம்பாமல் கவுன்சில் வெளியிடும் பட்டியலில் நீங்களே தேடிப் பாருங்கள்.

அடுத்து, கிளினிக்கல் போஸ்டிங், அதாவது வார்டில் நடக்கும் பயிற்சி, எங்கே என்று கேளுங்கள். இந்தப் படிப்பில் ஏறக்குறைய பாதி மருத்துவமனையில்தான் நடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி பொதுச் செவிலியர் படிப்புக்குக் குறைந்தது 3 ஆண்டுகள், 4,600 மணி நேரம் வேண்டும். அதில் பாதியாவது நோயாளிகளோடு கழிந்த நேரமாக இருக்க வேண்டும். இந்தியாவில் 4 ஆண்டுகள், பிரிட்டனில் பொதுவாக 3 ஆண்டுகள் என்று கால அளவு மாறினாலும், வார்டு இல்லாத நர்சிங் படிப்பு எங்கும் கிடையாது. அதனால் எந்த மருத்துவமனை, எத்தனை மாணவருக்கு ஒரு ஆசிரியர் வார்டில் கூட இருப்பார், பிரசவ வார்டும் குழந்தைகள் வார்டும் மனநல வார்டும் உண்டா, இரவு டூட்டி முடிந்தால் எப்படித் திரும்பி வருவது என்பதையெல்லாம் கேட்டுவிடுங்கள். இவற்றுக்குத் தெளிவாகப் பதில் சொல்லாத இடத்தில் நான் என் பிள்ளையைச் சேர்க்க மாட்டேன்.

உறவினர்கள் கேட்பார்கள்: "ஊசி போடுறதுக்கு எதுக்கு டிகிரி?" அதற்குப் பதில் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளை அதைப் பலமுறை கேட்கப் போகிறாள். ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் பெயரில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 1860இல் பயிற்சிப் பள்ளி தொடங்கிய பிறகு, நெடுங்காலம் செவிலியர் பயிற்சி என்பது மருத்துவமனைக்குள்ளேயே நடந்தது. அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகம் 1909இல் தன்னுடைய செவிலியர் பள்ளியைத் தொடங்கியபோதுதான் இது மெல்லப் பல்கலைக்கழகப் படிப்பாக மாற ஆரம்பித்தது. அதனால் என்ன பயன்? ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் 300 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை ஆராய்ந்து, 2014இல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஒரு மருத்துவமனையில் பட்டம் பெற்ற செவிலியரின் பங்கு 10 சதவீதப் புள்ளி கூடும்போது, நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு சுமார் 7 சதவீதம் குறைவாக இருந்தது. டிப்ளமோ படித்தவர்களைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. என் மகளுக்கு வார்டில் வேலை பழக்கிவிட்டவர்களில் பாதிப்பேர் டிப்ளமோ படித்த மூத்த சிஸ்டர்கள்தான். நோயாளியின் நிலை சரிவதை முதலில் கவனிக்கிறவர் செவிலியர், அதற்குப் படிப்பு வேண்டும் என்பதே விஷயம்.

முதல் போஸ்டிங்குக்கு முன்

தடுப்பூசியில் தொடங்குங்கள், ஏனென்றால் அதற்குத்தான் நாள் பிடிக்கும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி வழக்கமாக மூன்று தவணை: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. மூன்றாவது போட்டு ஒன்றிரண்டு மாதம் கழித்து, உடம்பில் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. சிலருக்கு மூன்று ஊசிக்குப் பிறகும் வருவதில்லை, அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அம்மை, தட்டம்மை, காசநோய் பற்றிய விவரங்களையும் கல்லூரி கேட்கும். சிறு வயதில் போட்ட தடுப்பூசி அட்டையை இப்போதே தேடி எடுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே ஃபைல், இரண்டு நகல்.

காலணிக்குத் தாராளமாகச் செலவு செய்யுங்கள். எட்டு மணி நேரம் நின்றுகொண்டும் நடந்துகொண்டும் இருக்கிற கால்கள் அவை. முன்பக்கம் மூடியதாக, வழுக்காததாக, கழுவித் துடைக்கக் கூடியதாக இருக்கட்டும். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும்போது போட்டுப் பார்த்து வாங்குங்கள். ஸ்டெதாஸ்கோப் மட்டும் முதல் வருடம் சாதாரணமானது போதும். வினாடி முள் உள்ள கடிகாரம் ஒன்று வேண்டும். மோதிரம், வளையல், நெயில் பாலிஷ் மூன்றும் வார்டுக்கு ஆகாது. அவற்றின் இடுக்கில் தங்கும் கிருமி கை கழுவினாலும் போகாது. டூட்டி முடிந்து வந்த யூனிஃபார்மை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் வெந்நீரில் தனியாகத் துவையுங்கள்.

கையைக் கொடுங்கள்

முதல் செமஸ்டரில் பெற்றோர் செய்யக்கூடிய பெரிய உதவி தங்கள் உடம்பைக் கொடுப்பதுதான். அந்நியர் ஒருவரின் கையைப் பிடித்து நாடி பார்க்கப் பதினெட்டு வயதுப் பிள்ளைக்குக் கூச்சமாக இருக்கும். வீட்டில் நாற்பது முறை செய்து பழகினால் வார்டில் நாற்பத்தோராவது முறை கை நடுங்காது.

என் மகள் முதன்முதலாக எனக்கு பி.பி. பார்த்த மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நாற்காலியில் சாய்ந்து உட்கார வைத்தாள், கால் இரண்டையும் தரையில் பதிக்கச் சொன்னாள், ஐந்து நிமிடம் சும்மா இருக்கச் சொன்னாள். நான் ஏதோ பேச வாயெடுத்தேன். "அப்பா, பேசாம இருங்க. பேசினா பி.பி. ஏறும்." கையை மேசைமேல் நெஞ்சு உயரத்துக்கு வைத்து, முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல்கடை மேலே பட்டையைச் சுற்றினாள். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டே காற்றடித்தாள். நாடி அடங்கிய இடத்துக்கு மேல் இன்னும் 30 ஏற்றினாள். பிறகு ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, வினாடிக்கு இரண்டு மூன்று புள்ளியாகக் காற்றை இறக்கினாள். முதல் 'டக்' சத்தம் கேட்கும் எண் மேல் அளவு, சத்தம் மறையும் எண் கீழ் அளவு. 1905இல் நிகோலாய் கொரோட்காஃப் என்ற ரஷ்ய மருத்துவர் கண்டு சொன்ன சத்தம் அது. முதல் நாள் அவளுக்கு அது கேட்கவே இல்லை. காற்றை வேகமாக இறக்கிவிட்டாள். எட்டாவது நாள் கேட்டது. "கேக்குதுப்பா!" என்று அவள் முகம் மலர்ந்ததை நான் எந்த மதிப்பெண் பட்டியலிலும் பார்த்ததில்லை.

இன்னொன்றும் அப்போது தெரிந்தது. நாடி எண்ணி முடித்த பிறகும் அவள் என் மணிக்கட்டை விடவில்லை. ஏன் என்று கேட்டேன். "இப்ப உங்க மூச்சை எண்ணிட்டிருந்தேன்." மூச்சை எண்ணப் போகிறேன் என்று சொன்னால் நோயாளி தன்னையறியாமல் மூச்சு விடும் விதத்தை மாற்றிவிடுவாராம். அதனால் நாடி பார்ப்பதுபோலவே கையைப் பிடித்துக்கொண்டு நெஞ்சு ஏறி இறங்குவதைக் கண்ணால் எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை. படுக்கை விரிப்பை நோயாளி படுத்திருக்கும்போதே மாற்றுவது, ஒருக்களித்துப் படுக்க வைப்பது, கட்டுப் போடுவது எல்லாவற்றுக்கும் நீங்கள் நோயாளியாகப் படுங்கள். ஊசி குத்திப் பழகுவது மட்டும் வீட்டில் வேண்டாம். அதற்குக் கல்லூரி ஆய்வகத்தில் பொம்மைக் கை இருக்கிறது, மேற்பார்வை இருக்கிறது.

இந்தப் பழக்கம் செய்முறைத் தேர்வுக்கும் நேராக உதவும். பல கல்லூரிகளில் இப்போது ஆஸ்கி என்ற முறையில் தேர்வு நடக்கிறது. வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வேலை, குறிப்பிட்ட சில நிமிடங்கள், மணி அடித்தால் அடுத்த மேசை. தேர்வாளர் கையில் ஒரு பட்டியல் இருக்கும். கை கழுவினாயா, பெயர் கேட்டு உறுதி செய்தாயா, என்ன செய்யப் போகிறாய் என்று நோயாளியிடம் சொன்னாயா என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். வீட்டில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நீங்களே தேர்வாளராக உட்காரலாம். அவள் பட்டியலை உங்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

மருந்துக் கணக்கு

கணக்கில் பயமுள்ள பிள்ளையென்றால் முதல் வருடத்திலேயே கவனியுங்கள். சில கல்லூரிகளில் மருந்துக் கணக்குத் தேர்வில் நூற்றுக்கு நூறு எடுத்தால்தான் தேர்ச்சி. 100 மில்லிகிராம் மருந்து 2 மில்லியில் கரைந்திருக்கிறது, டாக்டர் 75 மில்லிகிராம் எழுதியிருக்கிறார் என்றால் எவ்வளவு உறிஞ்ச வேண்டும்? 1.5 மில்லி. 1,000 மில்லி சலைன் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும், சலைன் இறங்கும் குழாய் செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்றால் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? 1,000ஐ 20ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுத்தால் ஏறக்குறைய 42. பள்ளிக்கூடக் கணக்குதான். ஆனால் புள்ளி ஓரிடம் தள்ளிப்போனால் மருந்து பத்து மடங்கு ஆகும். அதனால்தான் '.5' என்று எழுதாமல் '0.5' என்றும், '5.0' என்று எழுதாமல் '5' என்றும் எழுதச் சொல்லித்தருகிறார்கள். தினம் ஐந்து கணக்கு, இரவுச் சாப்பாட்டுக்கு முன். எங்கள் வீட்டில் இது பலன் தந்தது.

பெயரைக் கேட்காதீர்கள்

நான் செய்த பெரிய தவறு இதில்தான். முதல் வார்டு நாள், யூனிஃபார்மில் ஒரு படம் அனுப்பச் சொன்னேன். தோழி எடுத்த படத்தை அனுப்பினாள். பெருமையில் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அரை மணி நேரத்தில் அழைப்பு வந்தது: "அப்பா, அதை உடனே எல்லாருக்கும் அழிங்க." படத்தில் அவள் தோளுக்குப் பின்னால் வெள்ளைப் பலகை. அதில் படுக்கை எண்ணும் நோயாளிகளின் பெயரும் என்ன நோய் என்பதும் தெளிவாகத் தெரிந்தன. முப்பத்திரண்டு பேர் இருக்கும் குழு அது. நான் அழித்துவிட்டேன், அவளோ மறுநாள் தானாகவே போய் ஆசிரியரிடம் சொன்னாள். எழுதி வாங்கிக்கொண்டு எச்சரித்து விட்டார்கள். படிப்பின் இரண்டாவது மாதத்திலேயே அவள் பதிவேட்டில் ஒரு குறிப்பு ஏறக் காரணம் நான்.

நோயாளியின் ரகசியம் காப்பது இந்தத் தொழிலின் அடிப்படை. வார்டுக்குள் எடுத்த எந்தப் படமும் வேண்டாம். தெரிந்தவர் ஒருவர் அதே மருத்துவமனையில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டால், "அவருக்கு என்னவாம், கொஞ்சம் பார்த்துச் சொல்லு" என்று கேட்காதீர்கள். அவள் மறுத்தால் வருத்தப்படவும் வேண்டாம். அவள் வீட்டில் வந்து பேசும்போது பெயர், ஊர், படுக்கை எண் எதையும் கேட்காதீர்கள். "ஒரு பெரியவர்", "ஒரு குழந்தை" என்ற அளவில் கேட்டுக்கொள்ளுங்கள். அவள் மனசு இறங்க அது போதும்.

முதல் மரணம்

அது ஏதோ ஒரு நாள் வரும். என் மகளுக்கு இரண்டாம் வருடத்தில் வந்தது. மூன்று நாள் கஞ்சி ஊட்டிய ஒரு பாட்டி. நான்காம் நாள் காலையில் அந்தப் படுக்கையில் புது விரிப்பு. வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்று, "பெட்ஷீட் மாத்தி வச்சிருந்தாங்கப்பா" என்றாள். நான், "போகப் போகப் பழகிடும்மா" என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் அறைக்குப் போய்விட்டாள்.

அந்தச் சொல் அவளுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று பிறகுதான் புரிந்தது. நீ வருத்தப்படுவது தப்பு என்று கேட்டிருக்கும். இரவு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ கடைசியா அவங்களுக்கு என்ன செஞ்சே?" என்று கேட்டேன். முந்தின நாள் மாலையில் காய்ந்த உதட்டை ஈரத் துணியால் நனைத்துவிட்டதைச் சொன்னாள். பாட்டி அவள் விரலைப் பிடித்துக்கொண்டதைச் சொன்னாள். ஒரு மணி நேரம் சொன்னாள். நான் நடுவில் எதுவும் பேசவில்லை. அந்த ஒரு கேள்வியை நீங்களும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறுதல் சொல்ல அவசரப்படாதீர்கள். இறந்தவருக்குத் தான் செய்ததைச் சொல்லி முடிக்க அவளுக்கு ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ஊசி குத்திவிட்டால்

பயன்படுத்திய ஊசி கையில் குத்திவிட்டது என்று பிள்ளை பதறிக்கொண்டு அழைத்தால், திட்டாதீர்கள். திட்டுவார்கள் என்ற பயத்தில் மறைக்கிற பிள்ளைகள் உண்டு, அதுதான் ஆபத்து. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். பிதுக்கவோ வாயால் உறிஞ்சவோ கூடாது. அந்த நிமிடமே வார்டுப் பொறுப்பாளரிடம் சொல்லி, எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் அது பொதுவாகத் தரப்படுவதில்லை. மேலே சொன்ன ஹெபடைடிஸ் பி பரிசோதனைத் தாள் இந்த நேரத்தில்தான் தேவைப்படும்.

நைட் டூட்டி

இரவு வேலை பார்த்தவளுக்குப் பகல்தான் இரவு. இதை வீடு முழுவதும் ஏற்றுக்கொள்ள வேண்டும். கனமான திரை போடுங்கள், அழைப்பு மணியை அணைத்து வையுங்கள், குக்கர் விசிலும் டி.வி.யும் அவள் எழுந்த பிறகு. "பகல்ல இவ்வளவு நேரமா தூங்குறா?" என்று கேட்கும் பெரியவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். விசேஷங்களுக்கு அவள் வரவில்லையென்றால் அதற்காக அவளைக் குற்றவாளிபோல நிற்க வைக்காதீர்கள்.

டூட்டி முடிந்து அவளே வண்டி ஓட்டி வருவதை எப்பாடுபட்டாவது தவிர்த்துவிடுங்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் கைக்கும் கண்ணுக்கும் உள்ள ஒருங்கிணைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குத் தளர்ந்துவிடுகிறது என்று 1997இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. முந்தின நாள் காலை எழுந்து பகலில் தூங்காமல் டூட்டிக்குப் போன பிள்ளை மறுநாள் காலை ஏழு மணிக்கு 24 மணி நேரத்தைத் தொட்டிருப்பாள். இரவு டூட்டி வாரங்களில் காலை ஏழு மணிக்கு நான் மருத்துவமனை வாசலில் நின்றேன். அந்த வாரங்களில் வேறு எந்த வேலையையும் காலையில் வைத்துக்கொள்ளவில்லை.

விட்டுவிடுகிறேன் என்று சொல்லும்போது

பெரும்பாலான பிள்ளைகள் ஒருமுறையாவது சொல்வார்கள். உடனே சம்மதிக்கவும் வேண்டாம், "இவ்வளவு பணம் கட்டியாச்சே" என்று தொடங்கவும் வேண்டாம். எது தாங்க முடியவில்லை என்று கேளுங்கள். பாடமா, ஒரு குறிப்பிட்ட வார்டா, அங்கே நடத்துகிற விதமா? பாடம் என்றால் வழி உண்டு. மனநல வார்டில் மிரண்ட பிள்ளை குழந்தைகள் வார்டில் மலர்வதையும் பார்த்திருக்கிறேன்.

எல்லார் முன்னிலும் அவமானப்படுத்துகிறார்கள் என்றால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "நாங்களும் இப்படித்தான் கத்துக்கிட்டோம்" என்று சொல்லும் சீனியர்கள் எல்லா இடத்திலும் உண்டு. ஆனால் கோபத்தில் நீங்களே போனை எடுத்துக் கல்லூரி முதல்வரை அழைக்காதீர்கள். தேதி, நேரம், யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று அவளையே அன்றன்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். அதை எடுத்துக்கொண்டு அவளே கிளினிக்கல் ஆசிரியரிடம் போகட்டும். என் மகள் அப்படிப் போனாள், வார்டு மாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் பாலியல் தொல்லை, மிரட்டல், இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் இல்லாத நிலை, சாவைப் பற்றிய பேச்சு, இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். அன்றே நீங்கள் நேரில் போங்கள், மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

கடைசி வருடம்

வெளிநாடு என்ற பேச்சை முதல் வருடத்திலேயே வீட்டில் தொடங்கிவிடுகிறோம். முதல் வார்டில் கை நடுங்கும் பிள்ளைக்கு அது சுமை. மூன்றாம் வருடம் வரை பொறுங்கள். அதற்குள் தனக்கு ஐ.சி.யூ. பிடிக்கிறதா, பிரசவ வார்டு பிடிக்கிறதா, ஆசிரியர் பணி பிடிக்கிறதா என்று அவளுக்கே தெரிந்துவிடும். அமெரிக்கா என்றால், அங்கே செவிலியராக உரிமம் பெற என்க்ளெக்ஸ் தேர்வு. கணினி ஒவ்வொரு விடையையும் பார்த்து அடுத்த கேள்வியின் கடினத்தை மாற்றும் முறை அது. மற்ற நாடுகளுக்கு வேறு தேர்வுகள், மொழித் தேர்வு தனி. தேவைப்படும்போது படித்துக்கொள்ளலாம்.

ஒரு காகித வேலையை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். கல்லூரியை விட்டுக் கிளம்புவதற்கு முன், ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை மணி நேரம் வகுப்பு, எத்தனை மணி நேரம் வார்டு என்று பிரித்துக் காட்டும் டிரான்ஸ்கிரிப்டைக் கையெழுத்தும் முத்திரையுமாக வாங்கிவிடுங்கள். வெளிநாட்டுக் கவுன்சில்கள் பொதுவாக இதைத்தான் முதலில் கேட்கும், ஐந்து வருடம் கழித்துப் போய்க் கேட்டால் தேடிக் கொடுக்க ஆளிருக்காது. கவுன்சில் பதிவுக்கு முடிவு வந்த வாரமே விண்ணப்பியுங்கள், புதுப்பிக்க வேண்டிய தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். வார்டில் செய்த ஒவ்வொரு வேலைக்கும் கையெழுத்து வாங்கிய லாக்புக்கைப் பழைய நோட்டுகளோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அவளுடையதை நான் சான்றிதழ் ஃபைலிலேயே வைத்திருக்கிறேன்.